கழுவாத நார்த்தூள்

தட்டில் இன்னும் ஒரு சொட்டு விழவில்லை, மோட்டார் போட்டுப் பத்து நிமிஷம்தான் ஆகிறது, அரை மணி நேரம் பிடிக்கும் என்று எனக்கே தெரியும், தெரிந்தும் ஐந்தாம் வரிசையில் வெள்ளரிப் பைக்கு அடியில் சோற்றுத் தட்டைச் செருகிவிட்டு அதற்கு எதிரில் குத்த வைத்து உட்கார்ந்திருக்கிறேன், பால் பொங்கிவிடுமோ என்று அடுப்படியை விட்டு நகராமல் நிற்கிறவள் மாதிரி. பைக்கு மேலே டிரிப்பரில் தண்ணீர் படபடவென்று விழுகிறது, எண்ணினால் எண்ண முடியாது, அந்த வேகம் நல்ல வேகம். விழுகிற தண்ணீர் தேங்காய்நார்த் தூளுக்குள் ஊறி, வேரை நனைத்து, மிச்சம் அடி ஓட்டை வழியாகத் தட்டுக்கு வரவேண்டும், வந்ததும் உப்பு அளக்கிற மீட்டர் பேனாவை அதில் முக்கிப் பார்க்க வேண்டும், உப்பு இறங்கியிருந்தால் இந்தச் செடிகள் பிழைக்கும், இறங்காவிட்டால் பிழைக்காது, அவ்வளவுதான் விஷயம், அதுவும் பதினொரு மணிக்குள். பதினொரு மணிக்குப் பெரிய மாமா வந்துவிடுவார். பெரிய மாமா என்றால் என் வீட்டுக்காரருக்கு அண்ணன், பூபதி, பிளாஸ்டிக் கூரை போட்ட இந்தப் பாலிஹவுஸுக்கு அவர்தான் விஞ்ஞானி. பூஸ்டர் என்கிற உரத் தண்ணீர்க் கேன் வாங்க உடுமலைக்குப் போயிருக்கிறார், போகும்போது வண்டியில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டுப் போனார், "நான் வந்து மோட்டார் போட்டுக்கறேன் அம்மிணி, நீ எதையும் தொட்டுராதே, இது சயின்ஸ்." சயின்ஸாம். எட்டு மாசமாக இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அந்த மனுஷன் இட்லி தின்கிறார், காப்பி குடிக்கிறார், குளிக்காமல் இருக்கிறார். நான் தொட்டேன். அவர் வண்டி ஆலமரத்து முக்குத் திரும்புகிற வரைக்கும் குழந்தையைத் தட்டிக்கொண்டே நின்றிருந்தேன், சத்தம் தேய்ந்ததும் உள்ளே போய் கால்சியம் நைட்ரேட்டை வாளியில் கரைத்து டிரம்மில் ஊற்றிவிட்டு மோட்டாரைப் போட்டேன். யோசிக்கவில்லை. ஏன் யோசிக்க வேண்டும், தெரிந்த வேலைக்கு எவளும் யோசிக்கமாட்டாள்.

லக்ஷி மோட்டார் ரூமில் தூளியில் தூங்குகிறாள், ஒன்பது மாதம், மோட்டார் சத்தம் இருந்தால்தான் தூங்குவாள், நிறுத்தினால் கண்ணை விழித்துக்கொள்வாள், ஊருக்கெல்லாம் தாலாட்டு, இவளுக்கு ஐந்து குதிரைச் சக்தி மோட்டார். அவள் தூளிக்குப் பக்கத்துச் சுவரில்தான் அந்த அட்டவணையை ஒட்டி வைத்திருக்கிறார், கலர் பிரிண்ட், முதல் வாரம் இவ்வளவு, இரண்டாம் வாரம் இவ்வளவு, பூக்கும் வாரம் இவ்வளவு என்று கட்டம் கட்டமாக, ஓரத்தில் பேனாவால் தினமும் என்னவோ கிறுக்குவார், நான் அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை, பார்த்தால் சிரிப்பு வரும், சிரித்தால் பிள்ளை எழுந்துவிடும். அந்த அட்டவணை வந்த கதை எனக்குத் தெரியும். ஆடி மாசம் ஒரு நாள் செல்லை நீட்டி, "பாரு அம்மிணி, மண்ணே இல்லாம வெறும் தேங்காய்நாருல எப்படி வளத்தறான்னு பாரு" என்றார். பார்த்தேன். மஞ்சள் தாடி வைத்த வெள்ளைக்காரன் ஒருவன், வெயிலே படாத வீட்டுக்குள் கூடாரம் போட்டு, கல்யாண மண்டபம் மாதிரி ரோஸ் லைட் போட்டு, கம்பளிக் குல்லாயோடு நின்று செடிகளைத் தடவிக்கொண்டிருந்தான். இலை ஐந்து விரலாக விரிந்திருந்தது. "புளிச்சக்கீரைங்களா மாமா?" என்று கேட்டேன், நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன், எங்கள் ஊர்ப் பக்கம் வேலியோரத்தில் அந்த இலைதான் நிற்கும். "மெடிசினல் பிளான்ட்" என்றார் முகத்தைச் சுளித்துக்கொண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் மகுடீஸ்வரன் அதே வீடியோவைப் பார்த்துவிட்டு என் காதுக்குள் சொன்னார், "கிறுக்கச்சி, அது கஞ்சா." சோறு புரையேறிவிட்டது எனக்கு. அந்த நாட்டில் அதற்குச் சட்டம் விடுகிறதாம், லைசென்ஸ் வாங்கி வளர்க்கிறார்களாம், வளர்த்துவிட்டுப் போகட்டும், என் சங்கடம் அது இல்லை, கஞ்சா வளர்க்கிறவனைப் பார்த்து ஒரு குடியானவன் வெள்ளரிக்காய் வைக்கிறானே, அதுதான். கேட்டால், "செடி எதுவா இருந்தா என்ன, சத்து ஒண்ணுதானே." அப்படியென்றால் மாட்டுக்கு வைக்கிற புண்ணாக்கை நாளைக்குக் காலையில் உங்கள் தட்டில் வைக்கட்டுமா மாமா, சத்து ஒன்றுதானே.

அந்தக் குல்லாய்க்காரன் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும் என்றானாம், முதல் வரிசை முழுக்க வெள்ளரிக் கொடியின் நுனியைக் கிள்ளிப் போட்டார். கயிற்றில் ஒற்றைக் கொடியாக மேலே ஏற்ற வேண்டிய செடி, நூற்றிருபதும் தலை இல்லாமல் நின்றன. பிறகு பன்னிரண்டு மணி நேரம் இருட்டு கொடுத்தால்தான் பூக்கும் என்று கறுப்புத் தார்ப்பாய் வாங்கி வந்து பாலிஹவுஸ் மேல் போர்த்தினார், அன்றைக்கு உள்ளே போனால் சாணிப் பூஞ்சை வாடை. வெள்ளரி பூக்கிறதற்கு யாரைக் கேட்கும், வெள்ளரி பாட்டுக்கு வெயிலில் பூக்கும், எங்கள் மாமியாருக்குக்கூடத் தெரியும், ஆனால் அத்தை வாயைத் திறக்கமாட்டார், "பெரியவன் படிச்சவன், அவனுக்குத் தெரியாததா" என்பார், பெரியவன் என்ன படித்தான் என்று கேட்டால் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படித்தான் என்பார், என்ன பாடம் என்று அவருக்கும் தெரியாது, முடித்தானா என்று யாருக்கும் தெரியாது. நான் படித்தது பன்னிரண்டாவது, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம், கூரையில் புறா. ஆனால் அதற்கப்புறம் மூன்று வருஷம் நான் எங்கே இருந்தேன் என்று இந்த வீட்டில் ஒருத்தராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா. பொண்ணு பார்க்க வந்தபோது "வேலைக்குப் போயிட்டிருந்தா" என்று எங்கள் அம்மா சொன்னதோடு சரி. நார்த்தூள் யார்டில் இருந்தேன் மாமா. நார் மில்லில் மட்டையை அடித்து நாரை உருவிய பிறகு மிஞ்சுமே காப்பிப்பொடி மாதிரித் தூள், அதைக் கழுவிக் காயவைத்துக் கட்டியாக அழுத்திக் கப்பலில் ஏற்றுகிற யார்டு. கழுவுகிற தொட்டிக்கு நான்தான். தேங்காய் மட்டைக்குள்ளேயே உப்பு இருக்கிறது, அந்த உப்போடு செடி வைத்தால் வேர் வெந்துவிடும், அதனால் முதலில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், பிறகு கால்சியம் கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டும், தூள் பிடித்துவைத்திருக்கிற உப்பைக் கால்சியம் போய்த் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும், மறுபடி கழுவ வேண்டும், வடிகிற தண்ணீர் முதலில் டிகிரி காப்பி நிறம், அப்புறம் டீ, அப்புறம் கஞ்சித் தண்ணி, மீட்டரில் அரைக்குக் கீழே வந்தால்தான் களத்துக்கு விடுவேன். குளிர்காலத்தில் விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் வரும், அதில் கால்சியம் பட்டால் எரியும் எரிச்சல் இருக்கிறதே. அந்தக் கட்டிகள் எங்கே போயின என்று அப்போது எனக்குத் தெரியாது. மாமா காட்டிய வீடியோவில் அந்தக் குல்லாய்க்காரன் ஒரு கட்டியை எடுத்து வாளியில் போட்டு வெந்நீர் ஊற்றினான், நேராகச் செடியை வைத்தான், கழுவவில்லை, கழுவ வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் ஏன் சொல்கிறான். அவனுக்கு வந்த தூள் கழுவி வந்த தூள். என்னை மாதிரி எவளோ ஒருத்தி முழங்கால் வரைக்கும் தொட்டியில் நின்று கழுவிக் கொடுத்திருக்கிறாள், அது அவனுக்குத் தெரியாது, அவன் சொல்லாததால் இவருக்கும் தெரியாது, இவர் பாட்டுக்குப் பக்கத்து மில்லில் போய் கழுவாமல் குவிந்து கிடந்த பச்சைத் தூளை டிராக்டர் டிராக்டராக ஏற்றிக்கொண்டு வந்து பையில் நிரப்பிவிட்டார். "மாமா, இதைக் கழுவோணுங்க" என்று சொன்னேன், சொல்லாமல் இல்லை, பைகளைக் கட்டுகிற அன்றைக்கே சொன்னேன். கூட நின்ற ஆட்கள் எதிரில் சிரித்தார். "தூளைக் கழுவறதாமா. அரிசின்னு நெனச்சுட்டா அம்மிணி." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் இப்போது நினைத்தாலும் ஆறவில்லை, நானும் ஏன் சிரித்தேன்.

வண்டிச் சத்தம். இல்லை, பால் வண்டி. மணி பத்தேகால் ஆகியிருக்காது. தட்டு காய்ந்து கிடக்கிறது, சோற்றுப் பருக்கை ஒன்று ஓரத்தில் ஒட்டியிருக்கிறது, சரியாகக் கழுவவில்லை நான், இந்த லட்சணத்தில் ஊரையெல்லாம் கழுவக் கிளம்பிவிட்டேன். மாரில் பால் கட்டத் தொடங்குகிறது, அவள் எழுகிற நேரம் நெருங்கினால் உடம்புக்கு முதலில் தெரிந்துவிடுகிறது, எந்த அட்டவணை சொல்லிக்கொடுத்தது அதற்கு. இலை ஓரம் கருகினால் செடிக்குப் பசி என்று பெரிய மாமாவுக்கு அர்த்தம், உடனே இன்னும் உரம், அதுவும் கருகினால் இன்னும் உரம். கக்குகிற பிள்ளைக்கு மேலும் மேலும் புகட்டுகிற மாதிரி. செடி உப்பில் வெந்துகொண்டிருக்கிறது, உரமும் உப்புதான், இவர் உப்பையே கரைத்துக் கொடுக்கிறார். வடிகிற தண்ணீரை நான் மீட்டரில் பார்த்தேன், ஐந்து புள்ளி இரண்டு, வெள்ளரிக்கு இரண்டரை தாண்டக்கூடாது. அதனால்தான் பன்னிரண்டாம் வரிசையை நான் எடுத்துக்கொண்டேன், யாரிடமும் சொல்லவில்லை, அது வாசலிலிருந்து தள்ளி இருக்கிறது, மதியம் இவர் சாப்பிட்டுப் படுத்ததும் பிள்ளையை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு பைக்கும் நாலு சொம்பு கால்சியம் தண்ணீர், எட்டு நாள், நூற்றிருபது பை. எட்டாம் நாள் அந்த வரிசையில் புது இலை விரிந்தது, வெற்றிலை மாதிரி, கருகல் இல்லை, உப்பு இரண்டு புள்ளி ஒன்றுக்கு இறங்கியிருந்தது. ஒன்பதாம் நாள் பெரிய மாமா கண்ணில் பட்டுவிட்டது. இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். "பாத்தியா அம்மிணி! போன வாரம் பூஸ்டர் விட்டதுல மிச்சம் இருந்ததை இங்கதான் ஊத்தினேன். என்ன ஒரு ரிசல்ட்டு பாரு." என்று சொல்லி செல்லை எடுத்துப் படம் பிடித்தார், செடிக்குப் பக்கத்தில் நின்று தன்னையும் சேர்த்துப் பிடித்தார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அதன் பலன், இன்றைக்கு மொத்தப் பாலிஹவுஸுக்கும் அந்தப் பூஸ்டரை இரட்டை அளவு விடப்போகிறார். பதினாறு வரிசை. மத்தியான வெயிலில். இரண்டு நாளில் எல்லாம் வைக்கோலாகிவிடும்.

எல்லாம் போனால் அவருக்கு என்ன, இன்னொரு வீடியோ. எனக்குத்தான். "வெள்ளரி மட்டும் நின்னுடுச்சுன்னா, சாமி சத்தியமா கம்பெனியை விட்டுட்டு வந்துர்றேன்" என்று மகுடி சொல்லியிருக்கிறார், திருப்பூரில் பனியன் கம்பெனி ரூமில் ஆறு பேரோடு படுக்கிறார், சனிக்கிழமை ராத்திரி வருகிறார், ஞாயிறு சாயந்திரம் போகிறார், போன வாரம் வந்து தூக்கியபோது லக்ஷி வீறிட்டு அழுதாள், யாரோ என்று நினைத்துவிட்டாள், அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை, "பழகிரும் பழகிரும்" என்று நானே அவருக்கும் சொன்னேன், பிள்ளைக்கும் சொன்னேன். இன்னும் மூன்று வாரம் கழித்து முதல் காய் பறிக்கும்போது அவர் இங்கே இருக்க வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும் எனக்கு, சயின்ஸ் எல்லாம் இவரே வைத்துக்கொள்ளட்டும். அவரிடம் போனில் சொல்லிப் பார்த்தேன், உங்கள் அண்ணன் சாகடிக்கிறார் என்று, "நீ பக்குவமா எடுத்துச் சொல்லு" என்கிறார், இந்த வீட்டில் பக்குவம் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது, ஆம்பிளை தப்புச் செய்து முடிக்கிற வரைக்கும் பொம்பிளை காத்திருப்பது. நான் காத்திருக்கவில்லை. இன்றைக்கு நான் போட்டிருப்பது சுத்தமான கால்சியம், வேறு ஒன்றும் கலக்காத கால்சியம், கால்சியத்தோடு எதையும் சேர்க்கக் கூடாது, யார்டில் முதல் நாள் சொல்லித்தருவது அதுதான், சேர்த்தால் திரிந்துவிடும், தனி வாளி, தனிக் கரண்டி, இவருக்கு அதுகூடத் தெரியாமல் கால்சியம் மூட்டை ஒன்று வாங்கி மூலையில் போட்டதோடு சரி, எலி உட்கார்ந்திருக்கிறது அதன் மேல். எத்தனை விழுகிறது, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்து. ஆறு.

எண்ணுகிறேன். எதை எண்ணுகிறேன், டிரிப்பரை. எண்ண முடிகிறதே. இப்போதுதானே படபடவென்று விழுந்தது, எண்ண முடியாமல் விழுந்தது, இப்போது ஒன்று, நிற்கிறது, இரண்டு, நிற்கிறது. பக்கத்துப் பையைப் பார்த்தேன், அதிலும் அப்படித்தான், அதற்கடுத்ததில் நூல் அறுந்த மாதிரி நின்றேவிட்டது. கரண்டு போய்விட்டதா, இல்லை, மோட்டார் கத்துகிறது, முன்னைவிடத் தொண்டை கட்டிக்கொண்டு கத்துகிறது. டிரிப்பரைத் திருகிப் பிடுங்கினேன், வாயில் வெள்ளையாக என்னவோ, நகத்தில் எடுத்தேன், குழந்தை கக்கின பால் மாதிரி, நாக்கில் வைக்கப் போனேன், வைக்கவில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது, தெரியாத மாதிரி ஒரு நிமிஷம் நின்றேன். எழுந்து ஓடினேன். கால் மரத்துப்போய் வரிசைக் கயிற்றில் இடறி ஒரு கொடி அறுந்தது, பிறகு பார்த்துக்கொள்ளலாம். மோட்டார் ரூமில் டிரம்மின் மூடியை முழுசாகத் தூக்கினேன், காலையில் நான் தூக்கவில்லை, சின்ன வாய் வழியாகத்தான் ஊற்றினேன், உள்ளே அடியில் கொஞ்சம் தண்ணீர் தெரிந்தது, நேற்றுக் கழுவின மிச்சம் என்று நினைத்தேன், இருட்டில் வேறு என்னவென்று தெரியும். இப்போது வெளிச்சத்தில் பார்த்தால் டிரம்முக்குள் திரிந்த பால், கட்டி கட்டியாக, தயிர்க்கடைக்காரன் தோற்றான். டிரம்முக்குப் பின்னால் காலி கேன் ஒன்று படுத்திருந்தது. பூஸ்டர். ஆனால் வாங்கத்தானே போயிருக்கிறார், வந்துதானே ஊற்றுவேன் என்றார், இல்லை, அப்படிச் சொல்லவில்லை, வந்து மோட்டார் போடுகிறேன் என்றுதான் சொன்னார், ஊற்றுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, காப்பி குடிக்காமல் இந்த மனுஷன் துரும்பைத் தூக்கிப் போடமாட்டார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். சுவரைப் பார்த்தேன். ஒட்டின நாளிலிருந்து முதல் தடவையாக அந்த அட்டவணைக்கு முன்னால் நின்று படித்தேன். ஓரத்தில் இன்றைக்குத் தேதி போட்டு, குண்டு குண்டான எழுத்தில், "காலை 6.10. பூஸ்டர் 5 லிட்டர் டிரம்மில் ஊற்றியாச்சு. மோட்டார் போடவில்லை." எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார். அதற்கு மேலே நேற்றைக்கு, அதற்கு மேலே முந்தாநாள், ஒரு நாள்கூட விடவில்லை, நான் சிரித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறார். தப்புத் தப்பாகத்தான், ஆனாலும் எழுதியிருக்கிறார்.

மோட்டாரை நிறுத்தினேன். நிறுத்தியதும் அந்த அமைதி காதை அடைத்தது, தூளி அசைந்தது, "இரு சாமி, இரு கண்ணு, அம்மா வந்துட்டேன்" என்று ஆட்டிவிட்டு ஃபில்டரைத் திறந்தேன், வலை முழுக்க வெள்ளைக் களிம்பு, தேய்த்தால் போகும், ஆனால் பைப்புக்குள், இரண்டாயிரம் டிரிப்பருக்குள் போய்விட்டதே அதை யார் தேய்ப்பது, பைப்பின் கடைசி மூடிகளைத் திறந்துவிட்டு ஆசிட் விட்டுக் கழுவ வேண்டும், அதற்கு ஒரு நாள் வேண்டும். வெயில் ஏறுகிறது, பாலிஹவுஸுக்குள் பதினொரு மணி என்றால் வெளியில் ஒரு மணி, பன்னிரண்டுக்குள் வேரில் தண்ணீர் படாவிட்டால் இலை தொங்கும், வெந்த வேர் மறுபடி எழாது, இவர் இரண்டு நாளில் சாகடிக்கிறதை நான் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். எவ்வளவு பெருமையாக உட்கார்ந்திருந்தேன் தட்டுக்கு முன்னால். தனி வாளி, தனிக் கரண்டி, முதல் நாள் பாடம். யாருக்கு. அதற்குள் ஒரு யோசனை வந்தது, மெதுவாக, நல்ல பிள்ளை மாதிரி வந்து நின்றது. யாருக்குத் தெரியும்? கால்சியம் மூட்டை அவர் வாங்கினது, பூஸ்டர் அவர் ஊற்றினது, டிரம் அவருடையது. நான் பிள்ளையைத் தட்டிக்கொண்டு இருந்தேன். வந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நேத்து நீங்க என்னமோ கலந்தீங்களே மாமா" என்றால் போதும், அவருக்கே தான் என்ன கலந்தோம் என்று நிச்சயமிருக்காது, ஊரே நம்பும், மகுடிகூட நம்புவார், வாளியைக் கழுவிக் கவிழ்த்தால் ஆயிற்று. வாளியைக் கழுவிக் கவிழ்த்தும்விட்டேன். கை தானாகச் செய்துவிட்டது. கவிழ்த்த வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஆனால் அப்படிச் சொன்னால் இவர் என்ன செய்வார், கால்சியத்தின் மேல் பழியைப் போடுவார், இனிமேல் கால்சியமே கூடாது என்பார், மூட்டையைத் தூக்கி வாய்க்காலில் கொட்டுவார், அப்புறம் இந்தச் செடிகளைக் கழுவ என்னிடம் என்ன இருக்கும், பொய் இருக்கும். நிஜத்தைச் சொன்னால் என்ன ஆகும். அம்மிணி கெடுத்துவிட்டாள் என்று ஆகும். சாகிற வரைக்கும், ஒவ்வொரு கல்யாணத்திலும், ஒவ்வொரு எழவிலும், பாலிஹவுஸை அம்மிணி கெடுத்த கதை. பன்னிரண்டாம் வரிசையைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். சொல்லாமல் விட்டால் மட்டும்.

வண்டிச் சத்தம். இந்தத் தடவை பால் வண்டி இல்லை. பெட்ரோல் டாங்கின் மேல் மூன்று கேன்களை அடுக்கி, தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, குரங்கு பலாப்பழத்தைக் கட்டிக்கொண்ட மாதிரி வந்து இறங்கினார். ஃபில்டர் திறந்து கிடப்பதைப் பார்த்தார். "ஏனம்மிணி மோட்டார் ரூம் தொறந்து கிடக்குது? கரண்டு போயிருச்சா? போயிருக்கும், கெரகம் புடிச்ச லைனு." பதிலையும் அவரே சொல்லிக் கொடுத்துவிட்டார், நான் தலையை ஆட்டினால் மட்டும் போதும்.

"கரண்டு இருக்குதுங்க மாமா. நான்தான் மோட்டார் போட்டேன். நான்தான் நிறுத்துனேன்."

"உன்னை யாரு தொடச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. கால்சியத்தைக் கரைச்சு டிரம்முல ஊத்திட்டேன். நீங்க பூஸ்டர் ஊத்தி வெச்சதை நான் பாக்கலை. செவுத்துல எழுதித்தான் வெச்சிருக்கறீங்க, நான் படிக்கலை. ரெண்டும் சேந்து திரிஞ்சு போச்சுங்க. டிரிப்பர் எல்லாம் அடைச்சுக்கிச்சு." ஒரே மூச்சில் சொன்னேன், நிறுத்தினால் வராது என்று தெரியும், "பன்னெண்டாம் வரிசையும் நான்தானுங்க. எட்டு நாள் சொம்புல ஊத்திக் கழுவினேன். உங்க பூஸ்டர் இல்லைங்க அது. தூளைக் கழுவாம வெச்சதுதான் சீக்கு. கல்யாணத்துக்கு முன்னால மூணு வருஷம் எனக்கு இதுதான் வேலை."

கத்துவார் என்று நின்றேன். கேனைக் கீழே வைத்தார். டிரம்முக்குள் கையை விட்டு அந்த வெள்ளையை எடுத்து இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், செல்லை எடுத்தார், எதையோ தேடப் போய் மறுபடி பையில் போட்டுக்கொண்டார். "இப்பிடித் திரியும்னு அவன் சொல்லவே இல்லையே" என்றார். அந்தக் குரலைக் கேட்டால் பாவமாகத்தான் இருந்தது, அவன் என்ன உங்கள் தாய்மாமனா, உங்களுக்குத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல, என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, கடித்துக்கொண்டேன். பாலிஹவுஸுக்குள் போய் பன்னிரண்டாம் வரிசை வரைக்கும் நடந்தார், நடந்து திரும்பினார், வேட்டியில் கையைத் துடைத்தார், வெள்ளை வேட்டியில் வெள்ளைக் களிம்பு, தெரியவே இல்லை.

"தப்புமா அம்மிணி?"

"பன்னெண்டு மணிக்குள்ள தண்ணி பட்டாத் தப்புங்க."

"டிரிப்பர்தான் அடைச்சுப்போச்சே."

"கை அடைக்கலீங்களே. அந்தச் சிமெண்டுத் தொட்டியில வெறும் கால்சியம் கரைச்சுத் தர்றேன். குடம் எடுங்க."

குடம் எடுங்க என்று நான் அவரிடம் சொன்னது என் காதுக்கே புதிதாக இருந்தது, அவருக்கும் இருந்திருக்கும், நின்றார், நிற்கட்டும் என்று தொட்டிக்குப் போய்க் கரைத்தேன், கரைத்து முடிப்பதற்குள் லக்ஷி வீறிட்டாள், மோட்டார் சத்தம் இல்லாமல் இவ்வளவு நேரம் கிடந்ததே பெரிசு. மாரிலிருந்து பால் கசிந்து சட்டை நனைந்துவிட்டது, நைட்டிக்கு மேல் மகுடியின் பழைய சட்டையைத்தான் போட்டிருக்கிறேன், துண்டைப் போர்த்திக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, பாலிஹவுஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிள்ளையை எடுத்தேன். கவ்வினாள், கண்ணை மூடினாள். எனக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது, கேட்க முடியும். குடம் தொட்டியில் முங்குகிற சத்தம், வேட்டியை மடித்துக் கட்டுகிற சத்தம்கூடக் கேட்டது, பாதித் தண்ணீர் வழியில் சிந்துகிற சத்தம், இந்த வீட்டில் குடம் தூக்கிப் பழகின தோளா அது. முதல் குடம் படீரென்று இலை மேல் விழுந்தது. இலையில் விழுந்தால் ஒரு சத்தம், தூளில் விழுந்தால் ஒரு சத்தம், மூன்று வருஷம் கேட்டவளுக்குத் தெரியாதா.

"தலையில ஊத்தாதீங்க மாமா. அடியில."

"சரி அம்மிணி."

"ஒரு குடம் நாலு பைக்கு. வேகமா ஊத்துனா ஊறாது. மெல்ல."

"சரி."

மெல்ல ஊற்றினார். தூள் குடிக்கிற சத்தம் கேட்டது, குடித்து, குடித்து, நிறைந்து, அடியில் வடிந்து, ஐந்தாம் வரிசையில் நான் செருகி வைத்த தட்டில் கணீரென்று விழுகிற சத்தம். அவர் நின்றுவிட்டார். மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு மீட்டர் பேனாவைத் தட்டில் முக்கியிருக்க வேண்டும், நான் திரும்பவில்லை.

"நாலு புள்ளி ஆறுன்னு காட்டுது," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இது நல்லதா, கெட்டதா அம்மிணி?"

"நல்லதுங்க மாமா," என்றேன். "அஞ்சு புள்ளி ரெண்டுல இருந்து எறங்கியிருக்குது. இன்னும் ஊத்துங்க."